மணிக்காரியின் வளைவு

சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது திரும்பி வரும்வரை ஜெசிந்தாவுக்குக் கையில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, கையென்று இரண்டு இருப்பதே அப்போதுதான் பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது. மேசைமேல் வைத்தாள், மடியில் வைத்தாள், நாற்காலிக்குப் போட்டிருந்த சாட்டின் உறையின் ரிப்பன் முடிச்சை முதுகுக்குப் பின்னால் துழாவி அவிழ்த்தாள், திரும்பக் கட்ட வரவில்லை, விட்டுவிட்டாள். நேற்று இதே நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா யாராவது உட்கார்ந்து காப்பி சரியில்லை என்று சொல்லியிருப்பார். மேடையில் அருள்வேந்தன், கார்குழலி என்று தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள் இன்னும் மினுக்குகின்றன. அந்தக் கார்குழலி இந்நேரம் எந்த வீட்டு ஜன்னலில் நின்று இந்த மழையைப் பார்க்கிறாளோ, பார்க்க விட்டார்களோ என்னவோ. கோடம்பாக்கத்துக் கல்யாண மண்டபம். முகூர்த்தமில்லாத ஞாயிறாகப் பார்த்துப் பிடித்து, நேற்றைய வாழைமரத்தைக்கூட அவிழ்க்காமல், நாட்டிலேயே பெரிய அட்டை ஆட்டப் போட்டியை இதற்குள் நடத்துகிறார்கள். ஏசிக்குத் தனிக் கட்டணம் என்றதும் மின்விசிறியே போதும் என்றுவிட்டார்கள் புண்ணியவான்கள். மணமகள் அறையில் மட்டும் ஏசி ஓடுகிறது, அங்கேதான் நடுவர்கள் இருக்கிறார்கள், அவள் கட்டும் இப்போது அங்கேதான் போயிருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் கட்டையும் எடுத்துப்போய் அட்டை அட்டையாகப் பார்ப்பது ஒரு சடங்கு, யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். ஜெசிந்தா மடியைப் பார்த்தாள், அங்கே இரண்டு கைகள் இருந்தன, வலது கை மோதிர விரல் தன்பாட்டுக்குத் தொடைமேல் எதையோ தடவிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று மனசுக்குள் சொன்னாள், அது நின்றது, இவள் சொன்னதால் நின்றதா அதற்கே தோன்றி நின்றதா என்பது அடுத்த கேள்வியாகிவிட்டது.

எதிரே தஸ்தகீர். வேலூரில் பல் டாக்டர், வாரம் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு சனி ஞாயிறு சீட்டைப் பார்க்கிற மனிதர். எத்தனையோ வருஷமாக ஊர் ஊராக அவளோடு மோதியிருக்கிறார், ஜெயித்திருக்கிறார், தோற்றிருக்கிறார், தோற்ற அன்று பிரியாணி வாங்கித் தந்திருக்கிறார். காலையில் ஆட்டோவில் வரும்போது ஓட்டைத் தார்ப்பாய் வழியே பைக்குள் மழை இறங்கி, அவளுடைய அட்டைகளில் ஒன்று ஊறிப்போனது. போனதும் போனது, மணிக்காரியாகவா போகவேண்டும்? அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, மெட்ராஸ் ஆட்டக்காரர்கள் வாயில் அது நுழையாமல், படத்திலிருக்கும் பெண் கையில் மணி வைத்திருப்பதால் மணிக்காரி ஆகிவிட்டாள். அவள் வந்து மணியடித்தால் செத்துக் குவியலில் கிடக்கும் அட்டைகளெல்லாம் எழுந்து வந்து மறுபடி சண்டை போடும். ஒரு கட்டுக்கு ஒருத்திதான் என்று சட்டம். ஜெசிந்தாவின் கட்டு முழுக்க அந்த ஒருத்தியை நம்பித்தான் கட்டப்பட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டுப் பார்த்தாள், யாரிடமும் இல்லை, தஸ்தகீர்தான் பெட்டியைத் திறந்து, "என்கிட்ட ஒண்ணு இருக்கு ஜெசி, ஆனா ஃபாயிலு. பரவால்லயா?" என்றார். எதிராளிக்கு அட்டை இரவல் கொடுப்பது இந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்குப் புளி கொடுப்பதுபோல, யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. ஆனால் ஃபாயில். ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் ஜிகினா. ஈரக் காற்றில் தாள் உப்பும், ஜிகினா உப்பாது, ஒத்துப்போகாத புருஷன் பெண்டாட்டிபோல ஆளுக்கொரு பக்கம் இழுத்து அட்டை வளைந்துவிடும். வளைந்த அட்டை கட்டுக்குள் எங்கே இருந்தாலும் தெரியும், தெரிந்தால் அது அடையாளம் வைத்த அட்டை, அடையாளம் தெரிந்து ஆடினால் அது திருட்டு. மழைக்காலத்தில் ஃபாயில் பக்கமே போகாதீங்க என்று வீடியோவில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள் அவள்தான். வேறு வழியில்லாமல் வாங்கி, மற்ற அட்டைகளைப்போலவே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாலு முறை எதிர்ப்பக்கமாக நீவி, ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு கட்டில் சேர்த்தாள். காலை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. அரையிறுதிவரை ஒன்றும் ஆகவில்லை.

அரையிறுதியில்தான். ஆனால் என்ன ஆனது? அதைத்தான் பிடிக்க முடியவில்லை, சோப்புக் கட்டிபோல வழுக்குகிறது. எதிரே அமிழ்தினி, சேலத்துப் பெண், கல்லூரியில் கடைசி வருஷம், நன்றாக ஆடினாள், ஜெசிந்தாவை மூலையில் கொண்டுபோய் நிறுத்தியேவிட்டாள். கையில் ஒரு காவல் அட்டை மிச்சம். அதை இறக்கினால் இன்னும் இரண்டு முறை அடி வாங்கித் தாங்கலாம், அதற்குள் எதுவும் நடக்கலாம். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். ஜெசிந்தா யோசித்தாள். யோசிக்கும்போது வலது மோதிர விரலைக் கட்டின் மேலட்டையில் வைத்திருப்பது அவள் பழக்கம், எந்த ஊர்ப் போட்டியின் போட்டோவிலும் அந்த விரல் அப்படித்தான் இருக்கும். வைத்திருந்தாள். பிறகு காவலைத் தூக்கிக் குவியலில் போட்டுவிட்டு, இருந்த எல்லாவற்றையும் தாக்குதலில் இறக்கினாள். அடுத்து வருவது மணிக்காரி என்றால் ஜெயம், வேறு எது என்றாலும் அந்த இடத்திலேயே சாவு. சுற்றி நின்றவர்கள் ஓ என்றார்கள். எடுத்தாள். மணிக்காரி. பெண் தோற்றுப்போனது மட்டுமில்லாமல் தோற்றதில் பூரித்தும் போனாள். "எப்டிக்கா அவ்ளோ தைரியமா காவலைத் தூக்கிப் போட்டீங்க?" என்று கேட்டாள், கண் இரண்டும் விரிய. "கணக்கும்மா" என்றாள் ஜெசிந்தா. சொன்ன மறுகணமே ஒரு முள். என்ன கணக்கு? கட்டில் பன்னிரண்டு பதின்மூன்று அட்டை மிச்சம், அதில் ஒன்று மணிக்காரி. எந்தக் கணக்கு வாத்தியார் இதை ஒப்புக்கொள்வார்? அவளிடம் படிக்கும் பிள்ளை இப்படி ஆடியிருந்தால், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையா என்று காதைத் திருகாத குறையாகத் திட்டியிருப்பாள். அப்படியானால் ஏன் பாய்ந்தாள்? வரும் என்று தோன்றியது. தோன்றியதா, தெரிந்ததா? விரலின் கீழே மேலட்டை மூச்சு விட்டதுபோல ஒரு துளி எழும்பியிருந்ததா? அப்போது அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லை. இப்போது நினைத்தால் இருந்ததுபோல இருக்கிறது, ஆனால் இப்போது இத்தனை முறை நினைத்து நினைத்து அந்த நினைவே நைந்துபோய், எது அப்போதையது எது இப்போது சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை. விரலுக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியுமா? விரல் அவளுடையதுதானே. ஆனால் படியில் இறங்கும்போது எந்தப் படி எவ்வளவு உயரம் என்று காலுக்குத் தெரிகிறது, அவளைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. தூக்கத்தில் கொசு எங்கே உட்கார்ந்தது என்று கைக்குத் தெரிகிறது. அப்படி எத்தனை விஷயம் அவளைக் கேட்காமலேயே நடக்கிறது, அவள் பேரில் எழுதப்படுகிறது?

வாசல் பக்கம் பார்த்தாள். வாழைமரத்தடியில் அமிழ்தினி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள், மழை விட்டால் கோயம்பேட்டுக்கு ஓடலாம் என்று. போய்த் தொலையேன் பெண்ணே என்றிருந்தது. உடனே, ஐயோ நனைவாளே என்றும் இருந்தது. போன் அதிர்ந்தது, அம்மாவாகத்தான் இருக்கும், ஆட்ட மேசையில் எடுக்கக்கூடாது, எடுத்தாலும் என்ன சொல்வது? பெரம்பூரில் பூசைக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாதா கோயிலில் யாராவது உன் மகள் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால் அம்மா வருஷக்கணக்காக ஒரே பதில்தான் சொல்கிறாள், போட்டித் தேர்வு எழுதுகிறாள். பொய்யென்றும் சொல்ல முடியாது. இப்படி ஓயாமல் தேர்வெழுதி ஒரு வேலையும் கிடைக்காத மக்குப் பெண்ணென்று அந்தக் கோயில் சனம் முழுக்க ஜெசிந்தாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது, அதில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி, சீட்டாடுகிற பெண் என்பதற்கு இது எவ்வளவோ மேல். மணிலா விமான நிலையத்தில் ஒருமுறை தொழில் என்னவென்று கேட்ட அதிகாரியிடம் உள்ளது உள்ளபடி கார்டு விளையாடுவேன் என்று சொல்லி, சூதாட வந்தவளென்று தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பையைத் திறந்து டிராகனையும் ராட்சசியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று, கடைசியில் அந்த அதிகாரி தன் பையனுக்கு ஒரு டிராகன் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து எந்தப் படிவத்திலும் டீச்சர்தான். பாங்காக்கில் பத்துப் பேர் படுக்கும் அறையில் கட்டுப்பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்த ராத்திரிகள், காய்ச்சலோடு ஆடி ஜெயித்த ஒரு ஞாயிறு, ஜெயித்ததும் கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தது. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அண்ணன் செல்வின் கேட்கிறான், கேட்பதில் தப்பில்லை. நாளைக் காலையில் அவன் சிநேகிதனுடைய கூரியர் ஆபீஸில் அவளுக்கு ஒரு நாற்காலி தயாராக இருக்கிறது. இன்று ஜெயித்தால் யோகோஹாமா, ஆசிய இறுதிப் போட்டி, இன்னும் ஒரு வருஷம் இந்த வாழ்க்கை. ஜெயிக்காவிட்டால் அந்த நாற்காலி, வாயே திறக்கக்கூடாது. அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அந்த ஆபீஸில் மூடிய பார்சல்களாக வரும், நாளெல்லாம் வரும், ஒன்றையும் திறந்து பார்க்க முடியாது. அதுதான் அவளால் ஆகாது.

ஏனென்றால் திறந்து பார்க்காமல் இருக்க அவளால் முடிந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து இந்த வியாதி. அண்ணனுடைய டேப் ரெக்கார்டரைத் திறந்தாள், அடி வாங்கினாள். கிறிஸ்துமஸ் கேக்கை, உள்ளே முந்திரி எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்க ஊசியால் குத்தினாள், அதற்கும் அடி. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா மகன் முதன்முதலாக ஒரு அட்டைப் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தபோது மற்றப் பிள்ளைகள் பல்லால் கிழித்துக் கொட்டினார்கள், அவள் மட்டும் மெத்தையில் உட்கார்ந்து கடைசி அட்டையை ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று தள்ளித் தள்ளி, முதலில் ஒரு மூலை, பிறகு ஒரு நகம், ஒரு செதில், இது என்ன, இது என்ன என்று சாயங்காலம் முழுக்க ஒரே அட்டையைப் பார்த்தாள். என்னவென்று தெரிந்துவிட்ட பிறகு அந்த டிராகன்மேல் அவ்வளவு பிரியம் இல்லை. பிரியமெல்லாம் தெரிவதற்கு முந்தின அந்தச் சாயங்காலத்தின்மேல்தான். அதற்காகத்தான் இதில் இறங்கினாள், இறங்கிய பிறகு தொழில் வேறு மாதிரி ஆகிவிட்டது, எதிராளி கையில் என்ன இருக்கும், கட்டில் இன்னும் எத்தனை, வாய்ப்பு எவ்வளவு என்று எல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் தொழில். நன்றாகத் தெரிந்துகொண்டாள், அதனால்தான் ஜெயித்தாள். கணக்கும்மா. அந்தச் சேலத்துக் குழந்தை அதை நம்பி ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். நாளைக்கு அவளும் யாருக்கு எதிராகவோ காவலைத் தூக்கிப் போடுவாள், கணக்கு என்று நினைத்துக்கொண்டு.

"என்ன ஜெசி, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் தஸ்தகீர். "பசி டாக்டர்" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து மேசையில் உருட்டிவிட்டார். வாயில் போட்டுக்கொண்டாள், இனிப்பாக இருந்தது, கொட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். இவருக்குத் தெரியுமோ? அட்டை இவருடையது, வளையும் என்று தெரிந்தே கொடுத்தாரோ? சீச்சீ, தோற்ற அன்று பிரியாணி வாங்கித் தருகிற மனிதர். ஆனால் தெரிந்திருந்தால், அவள் கலைத்த கட்டை இவர் வெட்டும்போது மணிக்காரி எங்கே என்று இவருக்கும் தெரியும், அடியில் தள்ளிவிடலாம். இப்படியெல்லாம் யோசிக்கிற தன் மனசு எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போது மணமகள் அறைக் கதவு திறந்து, ஜிலுஜிலுவென்று ஒரு காற்று வந்து, அதன் பின்னால் தலைமை நடுவர் தியாகராஜன் வந்தார். வங்கியில் அதிகாரி, லீவு போட்டு இதற்கு வருகிறவர், வெற்றுக் காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்கிற முகம். இதோ வருகிறார், சொல்லப்போகிறார், இந்த அட்டை என்னம்மா என்று கேட்கப்போகிறார். அவர் இரண்டு கட்டையும் மேசையில் வைத்தார். "எல்லாம் பர்ஃபெக்ட். கலைச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சுடலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஆமாம், அவ்வளவுதான். ஏசி அறையில் மணிக்காரி நல்ல பிள்ளையாகப் படுத்திருந்திருப்பாள். உலர்ந்த காற்றில் தாளின் உப்பல் இறங்கி, வளைவு போயே போயிருக்கும். அந்த அறையில் நிரபராதி, இந்த மண்டபத்தில்தான் குற்றவாளி. யாருக்கும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ஜெசிந்தா சந்தோஷத்தில் கொட்டையை விழுங்கித் தொலைத்தாள். கட்டைக் கையில் எடுத்துக் கலைத்தாள், சரசரவென்று மேலும் கீழுமாக, வருஷக்கணக்கான பழக்கம், கை தானே ஓடியது. கலைக்கக் கலைக்கக் கவனித்தாள். இல்லை, ஒன்றுமில்லை. இன்னும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கலைத்தாள், வேண்டுமென்றே, ஈரக்காற்று மணிக்காரியைத் தொடட்டும் என்பதுபோல. எதற்கு? ஒன்றும் தெரியாமல் ஆடி ஜெயித்துவிட்டுப் போகலாமே. போகலாம், யோகோஹாமாவுக்குப் போகலாம், அங்கே ஒரு மேசையில் ஒரு கணம் வரும், காவலைப் போடுவதா வைத்திருப்பதா என்று, வரும் என்று ஒரு தோன்றல் தோன்றும், அந்தத் தோன்றலை நம்புவதா வேண்டாமா? அது அவளா, வெறும் விரலா? பாங்காக்கிலும் ஒருமுறை இப்படித்தான் பாய்ந்து ஜெயித்தாள், ஃபாயிலே இல்லாத கட்டில், அது யார்? தெரியாமலே இனி ஒவ்வொரு அட்டையையும் எடுக்கவேண்டும். வெட்டுவதற்காகக் கட்டைத் தஸ்தகீர் பக்கம் நகர்த்தினாள். அவர் கை கட்டின்மேல் வந்து நின்றது. நின்றது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. தெரிந்துவிட்டது அவருக்கு என்று ஜெசிந்தா நினைத்தாள், நினைக்கும்போதே அவள் வலது கை, அவளைக் கேட்காமல் அல்ல, அவள் நன்றாகக் கேட்டுத்தான், மேலே உயர்ந்தது. "ஜட்ஜ்" என்றாள்.

தஸ்தகீர் திடுக்கிட்டார். "என்னம்மா, பிஸ்மி சொல்லிட்டு வெட்டலாம்னு பாத்தேன், அதுக்குக் கூட ஜட்ஜா?" தியாகராஜன் வந்தார். ஜெசிந்தா கட்டிலிருந்து மணிக்காரியைத் தேடி எடுத்து நீட்டி, "இது ஃபாயில் சார். உங்க ரூம்ல நேரா இருந்திருக்கும், இங்க வளையும்" என்றாள். அவர் அதை மேசையில் கிடத்திக் குனிந்து பார்த்தார், மற்ற அட்டைகளோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. டாக்டர், நீங்க பாருங்க." தஸ்தகீர் கட்டைவிரலால் நீவினார். "பல்லுல முடி கணக்கா இருக்கிற வெடிப்பையே கண்டுபிடிக்கிற கை சார் இது. ஒண்ணும் இல்ல" என்றார். அவர் சொல்வது நிஜமா, அவளுக்காகச் சொல்கிறாரா என்று ஜெசிந்தா அவர் முகத்தையே பார்த்தாள், டாக்டர் முகத்தில் என்ன தெரியும். "விதிப்படி எங்க கைக்குத் தெரியாட்டி அது மார்க் பண்ண அட்டை இல்லம்மா. நீ தாராளமா ஆடலாம்" என்றார் தியாகராஜன். போதுமே. ஆண்டவரே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். "எனக்குத் தெரியுதான்னு பாக்கணும் சார்" என்றாள். "பாத்து?" "போன ஆட்டத்துல காவலைத் தூக்கிப் போட்டேனே, அது தெரிஞ்சு போட்டேனா தெரியாம போட்டேனான்னு எனக்கே தெரியல சார். என் விரலுக்கு இது தெரியுதுன்னா, அன்னிக்கு... இல்ல, அப்பவும் தெரிஞ்சிருக்கும்." தியாகராஜன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீ கண்டுபிடிச்சிட்டா நான் எழுதித்தான் ஆகணும் ஜெசிந்தா. இந்த ஆட்டம் மட்டும் இல்ல, போட்டியிலேர்ந்தே வெளிய. அந்தச் சேலத்துப் பொண்ணு வந்து உக்காரும் உன் எடத்துல. யோசிச்சுக்கோ." தஸ்தகீர் மேசையைத் தட்டினார். "ஏம்மா, சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறியா? கேட்டாங்களா உன்ன யாராவது? உக்காரு, ஆடு, என்னைத் தோக்கடிச்சுட்டு ஜப்பானுக்குப் போ." "ஆடலாம் டாக்டர். இத மட்டும் பாத்துட்டு ஆடலாம்." "பாத்துட்டா ஆட முடியாதும்மா!" என்றார் அவர், உண்மையிலேயே குரல் உடைந்து. தியாகராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, வங்கி அதிகாரி என்பதை மறந்துவிட்ட ஒரு குரலில், "கண்ண எதாலயாவது கட்டிக்கணுமே" என்றார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

நாற்காலி ரிப்பன் அவிழ்ந்துதான் கிடந்தது. அதை உருவிக் கட்டிக்கொண்டாள், நேற்றைய சந்தனமும் யார் தலையிலிருந்தோ உதிர்ந்த மல்லிகையும் சேர்ந்த ஒரு வாசனை. இருட்டு. மழைச் சத்தம் பெரிதாயிற்று, மின்விசிறியில் ஏதோ ஒன்று டக்டக்கென்று தட்டியது, இத்தனை நேரம் அது தட்டிக்கொண்டா இருந்தது? மோதிர விரலை நீட்டினாள், தியாகராஜன் அதைப் பிடித்துக் கட்டின்மேல் வைத்தார். தஸ்தகீர் ஒவ்வோர் அட்டையாக மேலே வைக்க வைக்க அவள் தொட்டுச் சொல்லவேண்டும். வழவழவென்று உறை. இல்லை. அடுத்தது, இல்லை. இல்லை. விரலைக் கூர்ந்து கவனித்தாள், கவனிக்கக் கவனிக்க அதில் ஒன்றும் இல்லை, வெறும் சதை, ஓரத்தில் நகம் வெட்டியபோது விட்டுப்போன ஒரு முனை. இல்லை. ஒருவேளை தெரியாதோ? தெரியாவிட்டால் எவ்வளவு நல்லது, அது வெறும் குருட்டுப் பூனை, அவ்வளவுதான், பூனைக்கு அதிர்ஷ்டம், கண்ணை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து ஆடலாம். இல்லை. இல்லை. அட்டை மாறும் சத்தம் சீராக வந்துகொண்டேயிருந்தது, ரொம்பச் சீராக. "டாக்டர், அவள வைக்காம ஏமாத்தாதீங்க" என்றாள். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. தியாகராஜன் மெல்ல, "வைங்க டாக்டர்" என்றார். இல்லை. பிறகு இன்னொன்று, இல்லை என்று வாய் குவிந்தது.

குவிந்த இடத்தில் நின்றது. ஒன்றும் எழும்பவில்லை, ஒன்றும் வளைந்திருக்கவில்லை, விரலில் எந்த வித்தியாசமும் இல்லை, ஆனால் மெத்தையில் உட்கார்ந்து ஒரு மயிரிழை தள்ளியபோது முதல் மூலை தெரிந்ததே, அப்படி, உள்ளே எங்கேயோ ஒரு மூலை தெரிந்தது. வரும் என்று அரையிறுதியில் தோன்றியதே அதே தோன்றல், அதே இடத்தில், அச்சு அசலாக. ஓ, நீதானா அது. இத்தனை நாளும் நீதானா. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சந்தோஷம், இருட்டில் பல்லெல்லாம் தெரிய இளித்தாள். அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. இது இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தியாகராஜனுக்குத் தெரியாது, தஸ்தகீர் அட்டையை வைத்தவர், அவர் வாயே திறக்கமாட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யோகோஹாமா. சொல்லாவிட்டால் நாளைக் காலை கூரியர் ஆபீஸ், மூடிய பார்சல்கள், போட்டித் தேர்வு முடிந்ததா என்று கேட்கும் மாதா கோயில் பெண்கள், செல்வினின் முகம், அம்மாவின் நிம்மதி, அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது. தஸ்தகீரின் மூச்சு நின்றுபோயிருந்தது, அதுவும் நன்றாகக் கேட்டது. வாசலில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருப்பாளா, மழை குறைந்திருக்கிறதே, போய்விடுவாளே என்று ஒரு பதற்றம் வந்தது.

"இவதான்" என்றாள் ஜெசிந்தா, சத்தமாக, வாழைமரம் வரை கேட்கும்படி.